ஐயந்திரிபற

திராவா ஆற்றின் குறுக்கே ஒரு நடைபாலம்.
நாற்பத்தெட்டு மீட்டர்.
மரிபோர் நகரத்துச் சைக்கிள்களுக்கும்
நாய்களுக்கும் அது போதும்.

போன செப்டம்பரில்
அதன் அடிவயிற்றில் கண்ணாடி இழை ஒட்டினோம்,
படகில் மல்லாந்து படுத்துக்கொண்டு,
மூக்கில் பசை சொட்டச் சொட்ட.
நெஷா அளந்து சொன்னாள். ததேய் ஒட்டினான்.
படகு ஆடாமல் பிடிப்பது என் வேலை.
ஆடத்தான் செய்தது.

இழைக்குள் ஒளியை விட்டால்
சாணுக்குச் சாண் கொஞ்சம் சிதறித் திரும்பும்.
போய்ச் சேராத ஒளிதான் சேதி கொண்டுவரும்:
எந்த இடம் நீண்டது, எந்த இடம் சுருங்கியது.
ஒரு கிலோமீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர்,
அதுதான் எங்கள் அலகு.
திரிபு என்கிறது பாடப்புத்தகம்.

ஜனவரி. செவ்வாய்க்கிழமை ஆய்வு வகுப்பு.
டாக்டர் பெர்னார்தாவுக்குக் காய்ச்சல்,
நாங்கள் நால்வரும் ஒரு திரையும்தான்.
கோடு பாதாளத்துக்கு இறங்கியிருந்தது.
"விரிசல்" என்றான் உர்பான்.
நகராட்சியின் எண்ணைத் தேடத் தொடங்கினாள் ஸாலா.

முப்பத்தோராவது மீட்டரில் மட்டும்
கோடு பாதிகூட இறங்கவில்லை.
அரை மீட்டர் நீளத்துக்கு ஒரு திட்டு.
ததேயின் காது சிவந்தது.

அன்று பந்தயப் படகொன்று அலையெழுப்பிப் போனதாம்,
கை நழுவியதாம், பசையும் தீர்ந்ததாம்.
அந்த அரை மீட்டர் ஒட்டவே இல்லை.
நான்கு மாதமாய் அவன் சொல்லவும் இல்லை.

யாரும் திட்டவில்லை. நெஷா கணக்குப் போட்டாள்.
ஒட்டாத இழைக்குப் பாலத்தைத் தெரியாது,
குளிரை மட்டும் தெரியும்.
அதன் எண்ணை எல்லா இடத்திலும் கழித்தாள்.
இருபது டிகிரி குளிருக்குக் கான்கிரீட்
எவ்வளவு சுருங்குமோ அதையும் கழித்தாள்.
கோடு தரைக்கு வந்தது. வெறும் பனிக்காலம்.

ஐயந்திரிபற அறிதல் என்பார்கள்.
எங்களிடம் திரிபு இருந்தது,
ஐயமும் இருந்தது.
வேறு எதை வைத்து அறிவது?

ஆனாலும் பன்னிரண்டாவது மீட்டரில்
ஒரு சின்ன மேடு. நான்கு.
எதைக் கழித்தும் போகாத நான்கு.

டார்ச்சை எடுத்துக்கொண்டு போனோம்.
கைப்பிடியோரம்
எங்களைவிட உயரமாய் ஒரு பனிமனிதன்.
தலையில் அலுமினியச் சட்டி,
மூக்குக் காரட்டை யாரோ தின்றிருந்தார்கள்.
முந்நூறு கிலோ இருக்கும்.
ஸாலா அவன் தோளைக் கட்டிக்கொண்டு நின்றாள்.
திரைக்கு முன்னால் ததேய் மட்டும்.
போனில் கத்தினான்: "ஐந்து!"

அறிக்கையில் காரணம் என்ற கட்டத்தில்
நெஷா பனிமனிதன் என்றே எழுதினாள்.
கீழே ததேய், தன் கையெழுத்தில்,
31-வது மீட்டர், 0.5 மீ., ஒட்டப்படவில்லை,
அப்படியே விடவும்.

மார்ச்சில் நான்கு மூன்றானது.
பிறகு ஒன்று.
ஒரு வியாழன் மதியம், வகுப்பு நடக்கும்போதே,
ஒன்றுமில்லை.
அடுத்த நாள் சட்டியை மட்டும்
யாரோ கைப்பிடியில் மாட்டிவிட்டுப் போயிருந்தார்கள்.
அதன் எடை
எங்கள் கருவிக்கு எட்டவில்லை.