முதல் சனி, முதல் ஞாயிறு

ஒன்பது மாதம் பொறுத்திருந்தேன்,
செம்பனை ஆலையின் எடைமேடைக் கூண்டில்
லோரி நம்பர் எழுதும் தாளின் ஓரத்தில்
பதினொரு பெயரை எழுதி, அடித்து, எழுதி.
கோலி லோகேந்திரன். நடுவில் ஹஸ்புல்லா.
இடப்பக்கம் வெய் கியாட், முட்டி ஆறியிருந்தால்.

அந்தக் கல்லூரியில் எனக்குப் பிள்ளையில்லை, தம்பியில்லை,
நான் படித்ததும் இல்லை.
பன்னிரண்டு வருஷத்துக்கு முன் மழைக்கு ஒதுங்கப் போய்
ஓர் ஆட்டம் பார்த்தேன், அவ்வளவுதான்.
சிலருக்குச் சீட்டு, சிலருக்கு நாலு நம்பர்.
எனக்கு இது.

சனிக்கிழமை மத்தியானமே
துவைக்காத மஞ்சள் ஜெர்சியைப் போட்டுக்கொண்டேன்.
போன வருஷக் கடைசி வெற்றி அதில்தான் இருக்கிறது,
சோப்புப் பட்டால் போய்விடும்.

லாபிஸ் திடல் இந்த வருஷமும் சாய்வுதான்.
பந்துக்குத் தானாகவே
சாக்கடைப் பக்கம் போகத்தான் ஆசை.
விடுதிப் பையன்கள் பெயின்ட் டின்னில் தாளம் போட,
கோயிலில் இரவல் வாங்கிய ஒலிபெருக்கி
ஹலோ ஹலோ சொல்லி முடிப்பதற்குள்
முதல் கோல்.
எங்கள் வலையில்.
கச்சாங் பூத்தே பொட்டலத்தை நான் இன்னும் பிரிக்கவில்லை.

லோகேந்திரனுக்கு உயரப் பந்து ஆகாதென்று
மார்ச் மாதமே சொன்னேன்.
சொன்னது லோரி டயரிடம்.
இரண்டாவது ஆஃப்சைட்.
கொடிக்காரனைத் தவிர எல்லாருக்கும் தெரியும்,
மேய்ந்துகொண்டிருந்த மாடுகூடத் தலையைத் தூக்கிப் பார்த்தது.
மூன்றாவதைப் பற்றிப் பேச விரும்பவில்லை.

புதுப் பயிற்சியாளர் கைகட்டி நின்றார்,
கரண்டு பில் கட்டும் வரிசையில் நிற்பவரைப் போல.
மழை வந்தது. பாதிக் கூட்டம்
மோட்டாரை உதைத்துக் கிளம்பிற்று.
நான் போகவில்லை.
விசுவாசம் என்று சொல்லமாட்டேன்,
குடை இல்லை.

எண்பத்தெட்டாவது நிமிஷம்
முதலாண்டுப் பையன் ஒருவனை இறக்கினார்கள்.
என் தாளில் இல்லாத பையன். ஜெர்சி முட்டிவரை தொங்கியது.
முதல் தொடுதலிலேயே ஒருத்தனைத் தாண்டினான்,
இன்னொருத்தனை விழவைத்தான்,
இடது காலால் ஒன்று விட்டான்.

கம்பி.

டங்ங் என்ற அந்தச் சத்தத்துக்கு
டின்கள் அத்தனையும் வாயடைத்தன.
பந்து உருண்டு போய்
சாக்கடையில் சுகமாய் உட்கார்ந்தது.
மூன்றுக்குப் பூஜ்யம். விசில்.

இரவு சோறு இறங்கவில்லை.
'உன் சம்பளத்தில பிடிச்ச மாதிரி
என்ன இது' என்றார் வீட்டுக்காரர்.
ரசத்தை மட்டும் குடித்துவிட்டுப் படுத்தேன்.
கண்ணை மூடினால் கம்பி.

ஞாயிறு காலை இறைச்சிக் கடையில்
ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் கல்லூரி
ஐந்துக்குப் பூஜ்யம் தோற்றதாக மயில்வாகனன் சொன்னான்.
இன்னொரு முறை சொல்லச் சொன்னேன்.
அரைக் கிலோ வாங்கப் போனவள்
ஒரு கிலோ வாங்கினேன்.
பாவம், அவர்களும் பிள்ளைகள்தான்.
ஆனால் கோல் கணக்கில்
நாங்கள் கடைசி இல்லை.
கடைசிக்கு முந்தி.

பிரட்டல் சுண்டச் சுண்டக் கணக்குப் போட்டேன்.
இன்னும் பதினொரு ஆட்டம்,
அதில் ஆறு நம் திடலில்,
நம் சாய்வு, நம் சாக்கடை.
வெய் கியாட் இரண்டு வாரத்தில் ஓடுவான்.
பயிற்சியாளர் கையை அவிழ்த்தாலும் அவிழ்ப்பார்.
அடிபிடித்த வாசம் வந்த பிறகுதான்
அடுப்பு ஞாபகம் வந்தது.

திங்கள், காலை ஏழு.
பழம் ஏற்றிய முதல் லோரி மேடையில் ஏற
இரும்புத் தகடு டங்ங் என்றது.
எடையை எழுதாமல் நின்றேன்.
'தோத்துட்டாங்களாமேக்கா?'
ஜன்னலில் முழங்கையை வைத்துக் கேட்டார் டிரைவர்.
'கம்பியில பட்டுச்சு' என்றேன்.
அவர் குனிந்து டயரைப் பார்த்தார்.

தாளின் ஓரத்தில்
பதினோராவது பெயரை அடித்துவிட்டு
ஒரு கேள்விக்குறி போட்டேன்,
கொஞ்சம் பெரிதாக.