செவ்வாய்க்கிழமை, சந்திவெளி

லோன்காரன் மோட்டர்சைக்கிள் ஒழுங்கைக்குள் திரும்பவும்
ரொக்கி மண்ணில் சரிந்து
நாலு காலும் வானம் பார்க்கக் கிடந்தது.
"பயந்த நாய்" என்றான்,
சப்பாத்து நுனியால் அதன் வயிற்றைத் தடவி.

நானும் சிரித்தேன்.
"அடுத்த கிழமை கட்டாயம், சேர்."

பின்னேரம் ஆத்தோர வெட்டையில்
பூபதியக்காவின் கடுவனோடு புரண்டு விளையாடிற்று.
ரொக்கிதான் கீழே. ஒவ்வொரு முறையும் கீழே.
குந்தியிருந்து பார்த்தேன்:
மேலே நிற்பதன் பல்
காற்றைத்தான் கடிக்கிறது.
கீழே கிடப்பதற்கோ
தொண்டை நேர் எதிரே,
வாய்க்கு நாலு விரல் தூரம்.

கடிக்கவில்லை.
வாலை ஆட்டிக்கொண்டு எழும்பி
என் சீலையில் மண் உதறிற்று.

கொப்பியில் இன்னும் பதினொரு செவ்வாய்.
அவன் கழுத்துப் பட்டன்
எப்போதும் திறந்துதான் இருக்கும்.