பிரிபடாத மூன்றில் ஒன்று

பிராதில் என் பெயர்தான் முதலில் வருகிறது.
ஸெஃபெரினு கல்தெய்ரா, வாதி,
பம்பு, குழாய், வால்வு வியாபாரம்,
வயது எழுபத்தொன்று.
எதிரில் ஃபெலிஜ்மினா, கைம்பெண்.
அந்தச் சொல்லை எழுதத்தான் வேண்டுமா என்று கேட்டேன்.
அது இல்லாமல் அவள் எப்படி வாரிசு என்றார் வக்கீல்.

எட்டாயிரத்து நானூறு யூரோ.
ஆழ்குழாய், மோட்டார், இருநூறு மீட்டர் குழாய்.
தாளில் எழுதக்கூட எனக்குக் கூச்சமாக இருந்தது.
எர்மீனியுதான் பேனாவைப் பிடுங்கிக் கையெழுத்துப் போட்டான்,
"நாளைக்கு யார் இருப்போமோ" என்று சிரித்துக்கொண்டே.
சவப்பெட்டியின் முன்பக்க இடமூலை என் தோளில் வந்தது.
இறக்கி வைத்துவிட்டு
தோள்பட்டையைத் தேய்த்தபடி
வட்டியைக் கணக்குப் போட்டேன்.
இதை வக்கீலிடம் சொல்லவில்லை.
எனக்குச் சரக்கு அனுப்புகிறவன்
எந்தச் சாவுக்கும் தவணை தருவதில்லை.

ஜப்தி செய்ய அவளுக்கென்று தனி நிலம் இல்லை.
மாமனார் விட்டுப்போன தோப்பு,
முந்நூற்றுப் பன்னிரண்டு தக்கை மரம்.
மூன்று பிள்ளைகள், பாகம் பிரியவில்லை.
மூத்தவன் கையெழுத்துப் போட மாட்டான்.
மகள் லியோனில் அடுக்குமாடிப் படிகளைத் துடைக்கிறாள்,
போனை எடுப்பதில்லை.
நடுவில் செத்தவனின் பங்கு இவளுக்கு.
நூற்று நான்கு மரம் என்று சொல்லலாம்.
எந்த நூற்று நான்கு என்று சொல்ல முடியாது.
ஒவ்வொரு மரத்திலும் மூன்றில் ஒன்று,
ஒவ்வொரு இலையிலும்,
பன்றி பொறுக்கும் ஒவ்வொரு கொட்டையிலும்.
அந்த மூன்றில் ஒன்றின்மேல் என் வில்லங்கம்
எவோரா பதிவேட்டில் ஏறி நிற்கிறது,
உட்காருவதற்குத் தன் நிழல் எது என்று தெரியாமல்.

நோட்டீசு கொடுக்கப் போன அமீனாவோடு நானும் போனேன்.
போகக் கூடாது. போனேன்.
ஜூலை வெயில்.
உரித்த அடிமரங்கள் காய்ந்த ரத்தத்தின் நிறத்தில் நின்றன,
ஒவ்வொன்றிலும் வெள்ளைச் சாயத்தில் ஒரு 3.
இருபத்துமூன்றில் உரித்தது என்று அர்த்தம்.
ஒன்பது வருடம் யாரும் கத்தி வைக்கக் கூடாது.
அந்த வருடத் தக்கைக் காசுதான்
லிஸ்பன் ஆஸ்பத்திரியில் அவன் மூச்சுக்குப் போனது.

ஈரக்கையைத் துடைத்தபடி வந்தாள்.
"பிடித்த மரத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.
முப்பத்திரண்டில் வந்து உரியுங்கள்.
கோடாலியைத் தீட்டி வைக்கிறேன்."
கேலி இல்லை அதில். தேதி சொன்னாள், அவ்வளவுதான்.
எனக்கு அப்போது எழுபத்தெட்டு.

"இல்லையென்றால் பம்பைக் கழற்றிக்கொண்டு போங்கள்."
ஓடின பம்புக்கு யார் விலை தருவார்?
அதை என் வாய்தான் சொன்னது, கடைக்காரன் வாய்.
அவள் சுவிட்சைப் போட்டாள்.
தண்ணீர் வந்தது, கூடவே ஒரு சீறல்.
வால்வு மூட்டில் வாஷர் போய்விட்டது,
கேட்ட மாத்திரத்தில் தெரிந்தது.
என் சட்டைப்பையில் எப்போதும் இரண்டு கிடக்கும்.
வாதி மண்டியிட்டேன்.
அமீனாப் பையன் ஸ்பானரைப் பிடித்துக்கொண்டான்.
சீறல் நின்றது.

"எவ்வளவு?"
"வேண்டாம்."
"எவ்வளவு என்று கேட்டேன்."
"ஐம்பது சென்ட்."

உள்ளே போய் எடுத்து வந்தாள்.
ரசீது கேட்டாள்.
கையில் வேறு தாள் இல்லை.
அவளிடம் கொடுத்த நோட்டீசையே வாங்கி
மறுபக்கத்தில் எழுதினேன்:
பெற்றுக்கொண்டேன். பாக்கி இல்லை.
நாற்பது வருடமாக அப்படியே எழுதுகிற கை.

இப்போது அந்தத் தாளை அவள் வக்கீல்
சாட்சியாவணமாகத் தாக்கல் செய்திருக்கிறார்.
என் வக்கீல் போனில் கத்துகிறார்.
நாளை வாய்தா.
எந்தப் பாக்கி என்று நீதிபதி கேட்பார்.
வாஷருக்கு என்று சொல்ல வேண்டும்.
அதுதான் உண்மை.

ஐம்பது சென்ட்டை மட்டும்
இன்னும் கல்லாவில் போடவில்லை.