கேட்பதற்கு மட்டும்

இணைந்தது என்கிறது திரை.
நீல எழுத்து, பக்கத்தில் ஒரு டிக்.
காதில் ஒன்றும் இல்லை,
இரவு பதினொன்றுக்கும் இறங்காத
சூரமங்கலத்து வெக்கை தவிர.

பாட்டு எங்கே போயிற்று என்று பார்த்தால்
மானிட்டரின் முதுகிலிருந்து
மாடி முழுக்கப் பாடிக்கொண்டிருக்கிறது.
கீழே ஹவுஸ் ஓனர் தனகோட்டி இருமினார்.
பாய்ந்து அணைத்தேன்.

போன் ஐந்து ரோட்டில்
டிஸ்ப்ளே மாற்றக் கிடக்கிறது.
திங்கள் வரும் என்றான்,
எந்தத் திங்கள் என்று சொல்லவில்லை.
மிச்சம் இந்தக் கம்ப்யூட்டர்,
விண்டோஸ் மூச்சு வாங்கிப் படுத்த பிறகு
ட்ரிப்ஸ் போல லினக்ஸ் ஏற்றி எழுப்பிய உடம்பு.
பதினொன்றரைக்குத் தவமணி கூப்பிடுவாள்.
ஏற்காடு ஆஸ்பத்திரியில் இந்த வாரம் நைட் டூட்டி.

டெர்மினல் திறந்தேன்.
ப்ளூடூத்தை நிறுத்து. தொடங்கு.
ஒலியைச் சுமக்கும் சேவையை நிறுத்து. தொடங்கு.
பதிலாக ஒரு வெற்று வரி;
இந்த உலகத்தில் அதற்குப் பெயர் வெற்றி.

சாதனத்தை மறந்துவிடு என்ற பொத்தானை
அழுத்துமுன் சற்றுத் தயங்கினேன்,
எதற்கென்று தெரியவில்லை.
மறந்தது.
டப்பாவில் போட்டு மூடி, பத்து எண்ணி,
வெள்ளை விளக்கு துடிக்கும்வரை அமுக்கி
புது ஆளைப் போல அறிமுகம் செய்துவைத்தேன்.

மீதமிருந்த தட்டுவடை செட்டைக் கடித்தேன்.
நொறுங்கல் இரண்டு காதிலும் கேட்டது.
ஆக, காது பழுதில்லை.

வந்தது ஒலி,
குடத்துக்குள் தலையை விட்டவன் பாடுவதுபோல.

அமைப்பில் இரண்டே வழி.
ஹெட்செட் என்றால் பேசலாம், கேட்கலாம்,
கேட்பது தகர டப்பா.
மற்றது நல்ல ஒலி;
மைக் கிடையாது.
நடுவில் ஏதாவது இருக்குமென்று உருட்டினேன்,
பட்டியல் அங்கேயே முடிந்திருந்தது.

பதினொன்று முப்பத்து நாலு.
"கேக்குதா?" குடத்திலிருந்து தவமணி.
கேக்குது, சொல்லு.
"என்னது?"
கேக்குதுங்கிறேன்!
தனகோட்டி மறுபடி இருமினார்.

இரண்டாம் வழிக்கு மாற்றினேன்.

சட்டென்று ஒரு வராந்தா திறந்தது.
அவள் குரலுக்குப் பின்னால்
சில்வர் ஓக் இலைகளிலிருந்து
தகரக் கூரையில் பனி சொட்டுகிறது.
யாரோ ட்ராலி தள்ளிப் போகிறார்கள்,
ஒரு சக்கரம் மட்டும் எண்ணெய் கேட்கிறது.
அவளுக்குத் தொண்டை கட்டியிருக்கிறது.
போன வாரம் முழுக்கப் போனில் பேசினோம்,
நான்தான் அதிகம் பேசினேன்.

"ஏன் வாயே திறக்க மாட்டேங்கிற? கோவமா?"

டைப் அடித்தேன்:
மைக் இல்லை. கேக்குது. நீ சொல்லு.

கொஞ்ச நேரம் பனி மட்டும் சொட்டியது.
பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.
ஏழாம் பெட்டுக்காரர்
இன்றைக்கு வாய்விட்டு இட்லி கேட்டாராம்.

ஜங்ஷனில் கூட்ஸ் போகிறது போல.
மேஜை அதிர்ந்தது,
சத்தம் வரவில்லை.