ஸ்லோ லோக்கல்

கட்டிலின் கால்மாட்டில் இரண்டு செங்கல்.
தலை தாழ்ந்து, கால் உயர்ந்து
பன்னிரண்டு நாளாகச் சரிவில் கிடக்கிறேன்.
ரத்தமெல்லாம் முகத்துக்கு வந்துவிட்டது.
மாரிச்செல்வம் உற்றுப் பார்த்துவிட்டு
'கொஞ்சம் அழகாயிட்டே' என்றான்.
சிரிக்கவில்லை.
சிரித்தால் வயிறு இறுகும்.

இருபத்தேழு வாரம், நாலு நாள்.
கரண்ட் பில்லின் பின்பக்கம்
பேனாவால் எழுதிவருகிறேன்:
2.10. 2.31. 2.40.
பிறகு ஒன்றுமில்லை.
பிறகு 4.05.
கல்லாகத் திரண்டு, ஒரு நிமிஷம் நின்று,
தானே குழைகிறது.
இது அதுவா, வெறும் வாயுவா?
ஒவ்வொரு தடவையும் சுரேகா சிஸ்டரைக் கூப்பிட
வெட்கமாக இருக்கிறது.
கூப்பிடாமலிருக்க
அதைவிட.

நேற்று ஓர் ஊசி, இன்று அதே நேரம் இன்னொன்று.
உன் நுரையீரலுக்காம்.
கடுப்பு என் இடுப்பில்,
மூச்சு உனக்கு.
தொள்ளாயிரம் கிராம் என்கிறது ஸ்கேன்.
நான் வாங்கும் துவரம்பருப்பு பாக்கெட்
உன்னைவிடக் கனம்.

பக்கத்துக் கட்டில் ரிஹானாவை
முந்தாநாள் ராத்திரி தள்ளிக்கொண்டு போனார்கள்.
காலையில் விரிப்பு மாறியிருந்தது.
யாரும் எதுவும் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.
அவள் விட்டுப்போன பிஸ்கட்டை
ஆயா என் பக்கம் நகர்த்தி வைத்தாள்.
தின்றேன்.

போனில் மாமியார்:
'ஏழு தங்கும், எட்டுதான் தங்காது, பயப்படாதே.'
சரி என்றேன்.
வளையல்காரரிடம் சொல்லிவைத்த ஆறு டஜனை
வேண்டாமென்று சொல்லிவிட்டாரா என்று
கேட்க வாய் வரவில்லை.

ஜன்னலுக்கு அப்பால் சயான் ஸ்டேஷன்.
ஃபாஸ்ட் வண்டிகள் இங்கே நிற்பதில்லை.
தாதரை விட்டால் குர்லா.
நடுவில் நிற்பவர்களின் முகமெல்லாம்
காற்றில் கலைத்த கோலப்பொடி.

நீ தப்பான பிளாட்பாரத்தில் நிற்கிறாய், எலிக்குட்டி.
அந்த வண்டியை விடு.
பின்னாலேயே ஸ்லோ வரும்,
எல்லா ஸ்டேஷனிலும் நிற்கும்,
ஒரு நாளைக்கு ஒன்று என்று வைத்துக்கொள்:
குர்லா, வித்யாவிஹார், காட்கோபர்,
விக்ரோலி, காஞ்சூர்மார்க், பாண்டுப், முலுண்ட்...
ஜன்னலோரம் உட்கார்ந்தே போகலாம்,
யாரும் இடிக்க மாட்டார்கள்.
பொய்தான். இடிப்பார்கள்.
இருந்தாலும் இறங்காதே.

பார்வையாளர் நேரம் முடிந்து மணி அடித்தாயிற்று.
செருப்பைத் தேடிக்கொண்டே மாரிச்செல்வம்
'பாண்டுப்புக்கு அப்புறம் நாஹூர்.
அதை விட்டுட்டே' என்கிறான்.

எண்ணிப் பார்க்கிறேன்.
ஆமாம்.
ஒரு நாள் கூடுதல்.

6.50.