பட்டியலில் வாய் இல்லை

அம்பகாமக் காட்டில், ஒரு மீற்றர் அகலப் பாதையில்
முழந்தாளில் நிற்கிறேன்.
முகக்கவசத்துக்குள் என் மூச்சு எனக்கே மணக்கிறது.
கீழ்க்கடைவாயில், இடப்பக்கம்,
ஒன்று விண் விண்ணென்று தெறிக்கிறது.
மண்ணுக்குள் இருப்பவை பேசாமல் கிடக்கின்றன.
இது மட்டும் பேசுகிறது.

வேலைக்குச் சேர்ந்த அன்று ஒரு கடதாசியில்
கையெழுத்து வைத்தேன்.
ஒரு கண்ணுக்கு இவ்வளவு. இரண்டுக்கும் இவ்வளவு.
முழங்காலுக்குக் கீழே என்றால் ஒரு தொகை,
மேலே என்றால் இன்னொன்று.
பெருவிரலுக்குக்கூட விலை இருந்தது.
"பல்லுக்கு?" என்றேன்.
காப்புறுதிக்காரப் பெடியன் சிரித்தான்.
நல்ல வெள்ளைப் பல்லு அவனுக்கு.

கிளினிக் கொப்பியைத் திறந்தாலும் அதே கதைதான்.
பிறசர், சீனி, நிறை, கண், பாதம்.
வாய் என்று ஒரு கட்டம் இல்லை.
மருந்து போகிற வழியே அதுதானே,
ஒருத்தரும் எட்டிப் பார்த்ததில்லை.

இலவசம்தான், நான் இல்லையென்று சொல்லவில்லை.
மாங்குளத்தில் பல் கதிரை இருக்கிறது.
வியாழக்கிழமை மட்டும். இருபது துண்டு.
போன வருசம் போனபோது நான் இருபத்திமூன்றாவது ஆள்.
இந்த வருசம் போனபோது தண்ணி மோட்டர் பழுது.
ஒரு வியாழனுக்கு ஒரு நாள் சம்பளம் வெட்டு,
பஸ் காசு வேற.
வவுனியாவில் தனியாரிடம் கேட்டேன்,
வேர்ச்சிகிச்சைக்கு அவர்கள் சொன்ன தொகைக்கு
ஒரு மாதம் முழுக்க நான் மண் கிளற வேண்டும்.
பிறகு கராம்பு. பிறகு பனடோல், இரண்டு, நாலு.
பிறகு கன்னம் வீங்கி
தலைக்கவசத்தின் பட்டி பூட்ட வரவில்லை.

அன்று மேற்பார்வைக்கு நின்ற தயாபரி
என்னைப் பாதையிலிருந்து எழுப்பினாள்.
"வலியோட கிண்டினா கை நடுங்கும்.
கை நடுங்கினா உனக்கு மட்டுமில்லையடி."
அறிக்கையில் எழுதினாள்: காரணம், பல்.
காலுக்கும் கண்ணுக்குமான தாளில்
முதல்தடவையாக அந்தச் சொல்.

அடுத்த வியாழன் விடிய நாலு மணிக்கே வாசலில் நின்றேன்.
டொக்டர் பிள்ளை தென்பக்கம், தமிழ் கொஞ்சம்தான்.
வாயைப் பொத்து என்று நான் கேட்டுப் பழகிய மொழியில்
வாயைத் திற என்றாள்,
மெல்ல.
மெல்லிய கம்பியைச் சாய்த்துப் பிடித்து
நுனியால் தொட்டுத் தொட்டு வந்தாள்.
எனக்குத் தெரியும் அந்தக் கை.
அவசரப்படாத கை.
"போன வருசம் வந்தா அடைக்கலாம்.
இப்ப புடுங்கத்தான் வேணும்."
போன வருசம் நான் இருபத்திமூன்றாவது ஆள்.
சொல்வதற்குள் வாய் மரத்துப் போயிருந்தது.

காட்டில் நாங்கள் எடுக்கிற ஒவ்வொன்றுக்கும்
ஒரு எண், ஒரு இடம், ஒரு திகதி.
வெளியே வாங்கில் இருந்து
கிளினிக் கொப்பியில், பாதத்துக்குப் பக்கத்தில்,
பேனையால் ஒரு கட்டம் கீறினேன்.
வாய், என்று எழுதினேன். கீழே திகதி.

மருந்துக்குக் கொப்பியை வாங்கிய தாதி
புரட்டிப் பார்த்து நிமிர்ந்தார்.
"இதை ஆர் கீறினது?"

வாய் நிறையப் பஞ்சு.
கையை உயர்த்தினேன்.