ஏழாம் வேற்றுமை

மன்னார்குடி, மேலராஜவீதி, மாடி அறை.
ஐப்பசி. இரவு பதினொன்றே கால்.
தரவுத்தளத்தை நேற்றுத்தான் புது இயந்திரத்துக்கு மாற்றினார்கள்.
எனக்குச் சொன்னது இன்று மாலை,
அதுவும் டீக்கடையில்.

இணைப்பு மறுக்கப்படவில்லை.
மறுத்திருந்தால் நல்லது;
மறுப்பதற்காவது எதிரில் ஒருவர் இருக்க வேண்டும்.
அப்படியொரு முகவரியே உலகத்தில் இல்லை என்கிறது சர்வர்.

கோவில்வெண்ணி கொள்முதல் நிலையத்திலிருந்து
பில் கிளார்க் தையல்நாயகி மறுபடி கூப்பிடுகிறாள்.
"டோக்கன் ஏறலீங்க மேடம், சுத்திக்கிட்டே இருக்கு.
நாப்பது பேரு நிக்கிறாங்க. தார்ப்பாய் பத்தல.
சாயந்தரம் ஈரம் பதினாறரை இருந்துச்சு.
இப்ப மெஷின வைக்கவே பயமா இருக்கு."
அவளுக்குப் பின்னால் மழை,
அவளைப் பேசவிடாமல்.

ஒரே கோப்பு. அதில் ஒரே வரி.
பயனர் பெயர், முக்காற்புள்ளி, கடவுச்சொல்,
பிறகு @,
இயந்திரத்தின் எண், கதவு எண் 5432,
சாய்கோடு, தளத்தின் பெயர்.
விரல் வைத்துப் படித்தேன். எண்களை உரக்கச் சொன்னேன்.
கீழ்வீட்டு நாய் குரைத்தது.
இங்கிருந்து பிங் போகிறது.
என் கையால் தட்டினால் கதவு திறக்கிறது.
சர்வர் தட்டினால் மட்டும்
ஊரே இல்லையாம்.

இந்த இடத்தில் யாராவது ஆற்றைக் கொண்டுவருவார்கள்,
மதகு, வாய்க்கால், கடைமடை என்று.
வேண்டாம்.
தண்ணீர் பள்ளம் கண்டால் போகும்.
அதனிடம் யாரும் கடவுச்சொல் கேட்பதில்லை.

கடவுச்சொல்!

செபஸ்தி இருந்த காலத்தில் வைத்தது வெறும் எழுத்து.
புதியவர்கள் விதிப்படி வைத்திருக்கிறார்கள்:
எண் கட்டாயம், குறி கட்டாயம்.
முழுதும் சொல்லமாட்டேன்.
ஒரு நெல் ரகத்தின் பெயர்,
நடுவில் @,
பிறகு ஒரு வருஷம்.

எட்டாம் வகுப்பில் இம்போசிஷன் எழுதியது
இருபது வருஷம் கழித்து எழுந்து உட்கார்ந்தது.
ஏழாம் வேற்றுமை. இடப்பொருள். உருபு, கண்.
வீட்டின்கண். ஊரின்கண்.
இந்தச் சுழிக்கும் அவ்வளவுதான் வேலை:
இன்னார், இன்ன இடத்தின்கண்.
முதல் சுழியைக் கண்டதும்
கடவுச்சொல் முடிந்ததென்று சர்வர் நினைத்துவிட்டது.
மிச்சமெல்லாம் ஊர்ப்பெயர்.
நாப்பது பேரை நனையவிட்டு
அது தேடிக்கொண்டிருந்தது
2023 என்றொரு ஊரை.

சிரித்தேன். பிறகு சிரித்ததற்கு வெட்கப்பட்டேன்.
சுழியை அழித்து % போட்டு 40.
சேமித்தேன். சர்வரை நிறுத்தி எழுப்பினேன்.

வந்தது. வந்த வேகத்தில் நின்றது.
ஒரே நேரத்தில் இருபது இணைப்புதான் என்று
எப்போதோ எழுதிவைத்த எண்.
எல்லா நிலையமும் ஒன்றாக மோதினால்
நீடாமங்கலம் ரயில் கேட்தான்:
இரண்டு பக்கமும் வண்டி,
எவனும் இன்ஜினை அணைக்கமாட்டான்,
முப்பது விநாடியில் பொறுமை தீர்ந்து திரும்பிப்போவான்,
போனவன் மறுபடி வந்து கடைசியில் நிற்பான்.
இருநூறு என்று போட விரல் துடித்தது.
அந்தப்பக்கம் தாங்குவது நூறு;
அதில் சம்பளப் பட்டியல்காரர்களுக்கும் பங்குண்டு.
நாப்பது போட்டேன். காத்திருப்பு தொண்ணூறு.
சும்மா பிடித்துவைத்திருப்பவன்
ஐந்து நிமிடத்தில் விட்டுவிட வேண்டும்.

பன்னிரண்டு எட்டுக்கு முதல் வரிசை விழுந்தது.
அதை நான் பார்த்திருக்க வேண்டியதில்லை.
இணைப்பு சரியா என்று மட்டும் பார்த்துவிட்டு
திரையை மூடியிருக்கலாம்.

கோவில்வெண்ணி. அமிர்தகடேசன். அறுபத்திரண்டு மூட்டை.
ஈரம் 18.1.
நிலை: திருப்பி அனுப்பப்பட்டது.

எழுத்துப்பிழை இல்லை. கட்டம் மாறவில்லை.
ஒவ்வொரு எண்ணும் அதனதன் இடத்தின்கண்.

"ஏறுது மேடம்" என்றாள் தையல்நாயகி.
வேறெதுவும் சொல்லவில்லை.
அழைப்பைத் துண்டிக்கவும் இல்லை.
இரண்டு பேரும் கொஞ்சநேரம்
மழையைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.